கண்மாயில் முதல் தூண்டில்: மதுரைப் பக்கம் மீன்பிடிக்கத் தொடங்குகிறவர்களுக்கு

மீன்பிடிக்க ஆசைப்பட்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த ராடு வாங்கலாம்?" என்றுதான். கேட்கும்போதே தெரிந்துவிடும், வீடியோ பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்று. கனடாவில் ஏதோ ஒரு ஏரியின் நடுவே ஒருவர் படகில் உட்கார்ந்து, பளபளக்கும் ஸ்பூனை (மீன் போல மின்னும் தகட்டுப் பொய் இரையை) ஆழத்தில் இறக்கி, கை நீளத்துக்கு ஒரு மீனைத் தூக்குவார். அது லேக் ட்ரவுட். வட அமெரிக்காவின் குளிர்ந்த ஆழமான ஏரிகளில் வாழ்வது. சுமார் 10 டிகிரி செல்சியஸ் தண்ணீர்தான் அதற்குத் தோது. நம் கண்மாய்த் தண்ணீர் சித்திரை வெயிலில் 30 டிகிரியைத் தாண்டிவிடும். தமிழ்நாட்டில் ட்ரவுட்டே இல்லையா என்றால், நீலகிரியில் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் காலத்தில் கொண்டுவந்து விட்ட வேறு வகை அது. அவலாஞ்சியில் அதற்கென்று 1907-லேயே குஞ்சு பொரிப்பகம் வைத்தார்கள். மதுரையில் உட்கார்ந்துகொண்டு அந்த மீனுக்கான சாமானை வாங்குவது வெட்டிச் செலவு.

இங்கே நமக்கு ஜிலேபி, கெண்டை, கெளுத்தி, குறவை, விரால். கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தால் ரோகு, கட்லா. இவற்றில் முதல் மூன்றைப் பிடிக்க ஒரு மூங்கில் கம்பு போதும். காசைவிட, தண்ணீரைப் பார்க்கப் பழகுவதில்தான் நேரத்தைப் போட வேண்டும்.

முதலில் கேளுங்கள்

தூண்டிலுக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அந்தத் தண்ணீரில் மீன் யாருடையது என்று தெரிந்துகொள்வது. மதுரை, மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கண்மாய்களில் பலவற்றை மீன்பாசிக் குத்தகைக்கு விட்டிருப்பார்கள். குத்தகை எடுத்தவர் ரோகு, கட்லா, மிர்கால் குஞ்சுகளைக் காசு போட்டு வாங்கி விட்டிருப்பார், காவலுக்கும் ஆள் வைத்திருப்பார். கேட்காமல் போய்த் தூண்டில் போட்டால் அது திருட்டுதான். அவர் சத்தம் போட்டால் நியாயம் அவர் பக்கம்.

கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். கரையில் வேப்ப மரத்தடியிலோ மடைக்குப் பக்கத்திலோ கட்டில் போட்டுப் படுத்திருப்பவரிடம் போய் நில்லுங்கள்.

"அண்ணே, ஒரு தூண்டில் போட்டுக்கிறட்டுமா?"

"எந்த ஊருப்பா நீ?"

ஊரைச் சொல்லுங்கள், யார் வீட்டுப் பிள்ளை என்றும் சொல்லுங்கள். "சரி, ஜிலேபி, கெண்டை பிடிச்சுக்க. வளர்ப்பு மீன் மாட்டுனா தண்ணியில விட்டுரணும், ஆமா" என்பார். அந்த ஒரு வரிதான் உங்கள் லைசென்ஸ். அதை மீறாதீர்கள். ஜிலேபியைப் பிடித்தால் அவருக்கும் சந்தோஷம்தான். ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்டு, 1950-களில் நம் நாட்டுக்கு வந்த இந்த மீன் குஞ்சுகளை வாயிலேயே வைத்துக் காப்பாற்றும், கண்டபடி பெருகும், வளர்ப்பு மீனின் தீனியைத் தின்று தீர்க்கும்.

குத்தகை இல்லாத ஊருணி, வாய்க்கால் என்றாலும் ஊர்க்காரர் ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. குடிதண்ணீர் ஊருணியில் இறங்கவே கூடாது. கோயில் தெப்பக்குளங்களை மறந்துவிடுங்கள். வைகை அணையில் உரிமம் பெற்ற மீனவர்கள் தொழில் செய்கிறார்கள். அங்கே பொழுதுபோக்குத் தூண்டில் போடுவதற்கு முன்னால் மீன்வளத்துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். மதுரை நகருக்குள் ஓடும் வைகையில் சாக்கடை கலக்கிறது. அங்கே பழகிக்கொள்ளலாம், பிடித்ததைச் சமைக்க வேண்டாம். மேற்கே சோழவந்தானைத் தாண்டினால் தண்ணீர் பரவாயில்லை.

கண்மாயைப் பார்க்கும் விதம்

ஒரு கண்மாய் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. கரை ஓரம் ஆழம் அதிகம். எதிர்ப்பக்கம் உள்வாயில், வரத்துக்கால் வந்து சேரும் இடத்தில், தண்ணீர் முழங்கால் அளவுக்கு விரிந்து கிடக்கும். மடைக்கு முன்னால் பள்ளம் இருக்கும். உபரித் தண்ணீர் வெளியேறும் கலுங்குப் பக்கம் கல் கட்டுமானம். இந்த நாலு இடத்திலும் நாலு வகை மீன் நிற்கும்.

ஜிலேபி ஆழம் குறைந்த, மேடான ஓரத்தை விரும்பும். தண்ணீர் கொஞ்சம் தெளிந்திருந்தால் ஓரத்தில் தரையைப் பாருங்கள். தட்டு அளவில் வட்ட வட்டமாகக் குழி தெரியும், உள்ளே மண் மட்டும் சுத்தமாக வெளுத்திருக்கும். ஆண் ஜிலேபி வாயால் மண்ணை அள்ளித் துப்பித் தோண்டிய குழி அது. ஒவ்வொரு குழிக்கும் மேலே ஒரு கறுத்த மீன் நின்று, பக்கத்தில் வருவதையெல்லாம் விரட்டிக்கொண்டிருக்கும். புதிதாகத் தூண்டில் பிடிக்கிறவருக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. இரை கிட்டே விழுந்தாலே வந்து கடிக்கும். ஆனால் உங்கள் நிழல் தண்ணீரில் விழக் கூடாது. சூரியனுக்கு எதிர்முகமாக, நாலு அடி தள்ளி உட்காருங்கள்.

கெண்டை மடை ஓரம், வாய்க்கால் ஓட்டம் உள்ள இடங்களில் கூட்டமாகத் திரியும். கெளுத்தி கல் சந்து, மரவேர், கலங்கல் தண்ணீர் என்று இருக்கும், பொழுது சாய்ந்தால்தான் வெளியே வரும். வளர்ப்பு மீன்களில் கட்லா மேல்தண்ணியில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடிமண்ணில். அதனால்தான் மூன்றையும் ஒரே கண்மாயில் சேர்த்து விடுகிறார்கள். விராலுக்கு அல்லியும் தாமரையும் கோரையும் மண்டிய ஓரம் வேண்டும்.

பச்சைப் பசேலென்று பாசி நிறத்தில் தண்ணீர் இருந்தால், விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பசியில் வருகிறது என்று நினைத்து இரையைப் போட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது. இரவெல்லாம் பாசியும் மூச்சு விட்டதால் தண்ணீரில் பிராணவாயு குறைந்துபோய் மூச்சுத் திணறி நிற்கிற மீன் அது. வெயில் ஏறி ஒரு மணி நேரம் கழித்துப் போடுங்கள். மற்றபடி, விடிந்து எட்டு எட்டரை மணி வரைக்கும், மாலை நாலரைக்கு மேலும் நல்ல நேரம்.

சாமான்

எட்டிலிருந்து பத்து அடியில் ஒரு காய்ந்த மூங்கில் கம்பு. நுனி விரல் அளவு ஒல்லியாக, வளைத்தால் திரும்பி நிமிர வேண்டும். கம்பு நீளத்துக்கே நரம்பு போதும். தங்கூசி என்று கேட்டால் கடையில் கொடுப்பார்கள். ஜிலேபி, கெண்டைக்கு 0.20 அல்லது 0.25 மில்லிமீட்டர் கனம் சரியாக இருக்கும். அதைவிடத் தடித்தால் தெளிந்த தண்ணீரில் மீன் சந்தேகப்படும். தூண்டில் முள்ளில் நம்பர் கூடக் கூட முள் சிறிதாகும், குழம்பாதீர்கள். ஜிலேபியின் வாய் சின்னது, 10 அல்லது 12-ஆம் நம்பர் எடுங்கள். ஒரு தக்கை, நெல்மணி அளவில் சில ஈயக்குண்டு. தக்கைக்கு நெட்டித் துண்டு, மக்காச்சோளத் தட்டையின் உட்சோறு, ரப்பர் செருப்பு வெட்டிய துண்டு, எதுவும் ஆகும். எல்லாம் சேர்த்து ஒரு பிரியாணி விலைகூட ஆகாது.

முள்ளைக் கட்டுவதில் மட்டும் அவசரம் வேண்டாம். நரம்பை முள்ளின் காதில் நுழைத்து, நுனியை நரம்பின் மேலேயே ஐந்தாறு சுற்றுச் சுற்றுங்கள். இப்போது காதுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணி இருக்கும், அதற்குள் நுனியை விட்டு மெல்ல இழுங்கள். இறுக்கும் முன் எச்சில் தொட்டு ஈரமாக்கிக்கொள்ளுங்கள். காய்ந்த நரம்பு உரசினால் சூடாகி, முடிச்சு விழும் இடத்திலேயே வலு இழக்கும். பெரிய மீன் அறுத்துக்கொண்டு போய்விட்டது என்று கதை சொல்பவர்களின் நரம்பு நுனியைப் பார்த்தால், பாதிப் பேருக்குச் சுருள் சுருளாக முடிச்சு உருவி வந்திருக்கும்.

ஈயத்தை முள்ளுக்கு நாலு விரற்கடை மேலே நரம்பில் வைத்து இறுக்குங்கள். ஈயத்தைப் பல்லால் கடிக்க வேண்டாம், குறடு வையுங்கள். தக்கை நரம்பில் மேலும் கீழும் நகர வேண்டும். அதை வைத்துத்தான் ஆழம் பார்ப்பது. போட்டவுடன் தக்கை தண்ணீரில் படுத்துக் கிடந்தால் ஈயம் தரையில் உட்கார்ந்துவிட்டது என்று பொருள். தக்கையை முள் பக்கம் கொஞ்சம் இறக்கி மறுபடி போடுங்கள். நிமிர்ந்து நிற்கும்வரை இப்படிச் செய்தால், இரை தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்.

இரை

மண்புழுவுக்கு நிகர் எதுவுமில்லை. வாழை மரத்தடி, பாத்திரம் கழுவிய தண்ணீர் போகும் இடம், பழைய சாணிக்குப்பை, எங்கே தோண்டினாலும் கிடைக்கும். ஈர மண்ணோடு ஒரு சிரட்டையில் போட்டு நிழலில் வையுங்கள். முழுப் புழுவையும் தொங்கவிட்டால் மீன் வாலைக் கடித்துக்கொண்டு போய்விடும். முள்ளை மறைக்கிற அளவுக்குக் கிள்ளிக் கோர்த்து, நுனியில் ஒரு துளி மட்டும் ஆட விடுங்கள்.

புழு தொட அருவருப்பாக இருந்தால் மைதா. கெட்டியாகப் பிசைந்து, துளி மஞ்சள்தூளும் கொஞ்சம் பஞ்சும் சேர்த்துப் பிசையுங்கள். பஞ்சு இல்லாத உருண்டை தண்ணீரில் விழுந்த வேகத்திலேயே கரைந்துவிடும். மிளகு அளவு உருண்டை கெண்டைக்கு, கொண்டைக்கடலை அளவு ரோகுவுக்கு. கெளுத்திக்குக் கோழிக்குடல்; நாறினால் இன்னும் நல்லது. ஜிலேபி சில நாள் புழுவையும் மாவையும் சட்டை செய்யாது. அப்போது கல்லில் படர்ந்திருக்கும் நூல்பாசியைக் கிள்ளி முள்ளில் சுற்றிப் பாருங்கள்.

உட்கார்ந்ததும் தவிடும் ஊறவைத்த கடலைப் பிண்ணாக்கும் கலந்து ஒரு பிடி வீசுங்கள். ஒரே இடத்தில், ஒரு பிடிதான். கூடப் போட்டால் அதையே தின்று வயிறு நிறைந்து போய்விடும்.

தக்கை பேசும்

இனிமேல் எல்லாம் தக்கையில் இருக்கிறது. போன் பார்க்காதீர்கள்.

கெண்டை கடித்தால் தக்கை படபடவென்று துள்ளும், நின்றுவிடும், மறுபடி துள்ளும். துள்ளும்போது இழுத்தால் வெறும் முள்தான் வரும். துள்ளி முடித்து ஒரு பக்கமாக நகரும், அந்த நொடியில் இழுக்க வேண்டும். ஜிலேபி இரண்டு மூன்று முறை லேசாகத் தட்டிப் பார்த்துவிட்டு, தக்கையைச் சாய்வாக இழுத்துக்கொண்டு தண்ணீருக்குள் போகும். கெளுத்திக்கு நாகரிகம் கிடையாது, தக்கை நேராக உள்ளே முங்கிவிடும். மிர்கால், ரோகு வேறு மாதிரி. தரையில் கிடக்கும் இரையை வாயில் எடுத்துக்கொண்டு தலையைத் தூக்கும்போது, ஈயத்தின் பாரம் நீங்கித் தக்கை மேலே எழும்பும், சில நேரம் பொத்தென்று படுத்துவிடும். காற்று என்று விட்டுவிடாதீர்கள், அதுதான் கடி. தக்கை அவசரமில்லாமல், ஒரே சீராக, எங்கேயோ கூப்பிட்டுக்கொண்டு போவதுபோல் நகர்ந்தால் நண்டு அல்லது ஆமை. ஆமை மாட்டினால் நரம்பை ஒட்ட அறுத்துவிட்டு அதைப் போகவிடுங்கள். ஆமை பிடிப்பது சட்டப்படி குற்றம்.

இழுப்பது என்றால் மீனைத் தலைக்கு மேல் பறக்கவிடுவது அல்ல. மணிக்கட்டை மட்டும் ஒரு வெட்டு வெட்டுங்கள். முள் பதிந்ததும் கம்பை உயர்த்திப் பிடித்தால் போதும், கம்பின் வளைவே மீனைக் களைக்கச் செய்துவிடும். கரையோரம் வந்ததும் நரம்பைக் கையில் பிடிக்காமல் மீனைச் சரித்து இழுங்கள்.

கையில் பிடிக்கும்போது

ஜிலேபியின் முதுகுமுள் விரலைக் குத்தும். தலைப் பக்கமிருந்து உள்ளங்கையால் முள்ளைப் பின்னோக்கி அமுக்கிக்கொண்டு பிடியுங்கள். கெளுத்தியின் விஷயம் கொஞ்சம் கடுமை. முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று முள், பயந்தால் விறைப்பாக நிமிர்த்திப் பூட்டிக்கொள்ளும். விரல்களைப் பக்கமுட்களுக்குப் பின்னால் கொடுத்துப் பிடிக்க வேண்டும். பழகும்வரை துண்டைப் போட்டு அமுக்குங்கள். கெளுத்தி இனத்தைச் சேர்ந்த தேளியின் முள்ளில் விஷமே இருக்கிறது. குத்தினால் கை தோள்வரை கடுக்கும். சுடுதண்ணீரில், தோல் பொறுக்கும் சூட்டில், கையை அரைமணி நேரத்துக்கு மேல் முக்கி வையுங்கள். அந்த விஷம் சூட்டில் வலு இழக்கும். வீக்கம் ஏறினாலோ மூச்சு வாங்கினாலோ காத்திராமல் பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

விரல் நீளம்கூட இல்லாத குஞ்சு மாட்டினால், கையை ஈரமாக்கிக்கொண்டு எடுத்துத் தண்ணீரில் விடுங்கள். காய்ந்த கை பட்டால் மேல் வழுவழுப்புப் போய் மீனுக்குப் புண் வரும்.

விரால்: கொஞ்சம் பழகிய பிறகு

எல்லோருக்கும் விரால்மேல்தான் கண். விராலுக்குத் தண்ணீரில் இருக்கும் காற்று போதாது, அவ்வப்போது மேலே வந்து மூச்சு எடுத்துவிட்டுப் போகும். அல்லி இலைகளுக்கு நடுவே "களக்" என்று ஒரு சத்தம், அப்புறம் ஒரு வட்டம். அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இதற்கு மூங்கில் கம்பும் மெல்லிய நரம்பும் தாங்காது. 0.40 நரம்பு, உறுதியான கம்பு, ரீல் வேண்டும். ராடு வாங்குவதென்றால் இந்தக் கட்டத்தில் வாங்குங்கள். உயிர்த்தவளையைக் கோர்ப்பது பழைய வழக்கம். இப்போது ரப்பர் தவளை கிடைக்கிறது. முள் மேல்நோக்கி மறைந்திருப்பதால் இலையில் சிக்காமல் வரும். வட்டத்தைத் தாண்டி வீசி, இலைகளின் மேலே தத்தித் தத்தி இழுத்து வாருங்கள். தண்ணீர் வெடித்தாற்போல் விரால் பாயும். அந்தச் சத்தத்தில் பதறி இழுத்தால் தவளை மட்டும் முகத்துக்கு வரும். நரம்பு கனத்த பிறகு இழுங்கள்.

தண்ணீரின் மேல் சிவப்பாக, கூடை அளவுக்கு ஒரு கூட்டம் கொப்பளித்துக்கொண்டு நகர்வதைப் பார்த்தால் கம்பைக் கீழே வையுங்கள். விரால் குஞ்சுகள் அவை. அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும், எதைப் போட்டாலும் கடிக்கும். பிடிப்பது ரொம்பச் சுலபம். பிடித்துவிட்டால் அந்தக் கூட்டத்தைக் கெண்டையும் கொக்கும் சாயங்காலத்துக்குள் முடித்துவிடும். இதைத் தெரிந்தே பிடித்துவிட்டு, "முன்னெல்லாம் இங்க எவ்வளவு விரால் கெடந்துச்சு" என்று புலம்புகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

எப்போது

ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் பெருகும். புதுத் தண்ணீர் வரும்போது மீன் ஓட்டத்தை எதிர்த்து ஏறும், கலுங்கில் மறுகால் பாயும் இடத்தில் துள்ளும். பார்க்கப் போகலாம், சினை மீன் என்பதால் பிடிக்காமல் விடலாம். தை முதல் பங்குனி வரை தண்ணீர் தெளிந்து வற்றத் தொடங்கும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஏற்ற காலம் இதுதான். அதற்குப் பின், கோடையில் முழங்கால் தண்ணீர் ஆனதும், மேலூர், நத்தம் பக்கத்து ஊர்களில் மீன்பிடித் திருவிழா. பெரியவர்கள் சாமி கும்பிட்டு, கரைமேல் நின்று வெள்ளைத் துண்டை வீசும்வரை ஒருவரும் இறங்கக் கூடாது. வீசியதும் ஊத்தா, கச்சா, கூடை, வேட்டி என்று ஊரே இறங்கிவிடும். தூண்டிலுக்கு அங்கே வேலையில்லை. அடியில்லாத மூங்கில் கூடையான ஊத்தாவைச் சேற்றில் அழுத்தி, மேல் ஓட்டை வழியாகக் கையை விட்டுத் துழாவுவதுதான். வெளியூர்க்காரர்களையும் பல ஊர்களில் சேர்த்துக்கொள்வார்கள்.

ஆபத்து

கரையிலிருந்தே பிடியுங்கள். கண்மாய்க்குள் மண் அள்ளிய குழிகள் தண்ணீருக்கடியில் கிடக்கும். இடுப்பளவு என்று நடந்துபோகிறவர் அடுத்த எட்டில் ஆளை மூழ்கடிக்கும் பள்ளத்தில் இருப்பார். நீச்சல் தெரிந்தவரும் சேற்றில் சிக்கியிருக்கிறார்கள். தனியாகப் போக வேண்டாம். சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துவிடும், கனத்த அடி உள்ள செருப்பு போடுங்கள். கரையில் கோரைக்குள் கையை விடும்முன் கம்பால் தட்டுங்கள். தண்ணிப்பாம்பு ஒன்றும் செய்யாது, ஆனால் விரியனும் அதே கரையில்தான் படுத்திருக்கும். தலைக்கு மேலே மின்கம்பி போகும் இடத்தில் கம்பை வீசவே கூடாது. கார்பன் ராடில் மின்சாரம் பாயும், ஈர மூங்கிலிலும் பாயும். இடி இடித்தால் கம்பை மடக்கிவிட்டுக் கிளம்புங்கள்.

தோட்டா (வெடி) போடுவது, தண்ணீரில் மருந்து கலப்பது இரண்டும் 1897-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்திலிருந்தே குற்றம். யாராவது செய்வதைப் பார்த்தால் அந்த மீனை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அறுந்த நரம்பைக் கரையில் போட்டுவிட்டு வராதீர்கள், கொக்கின் காலில் சுற்றும். சுருட்டிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்து

கண்மாய் மீனில் மண்வாடை வரும் என்று சிலர் ஒதுக்குவார்கள். தண்ணீரில் இருக்கும் பாசியும் நுண்ணுயிரும் உண்டாக்குகிற வாடை அது, தோலிலும் வயிற்றுக் கொழுப்பிலும் தங்கும். செதிலைச் சுரண்டி, வயிற்றுக்குள் இருக்கும் கறுப்புச் சவ்வை விரலால் உரசி எடுத்துவிடுங்கள். கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து மூன்று தண்ணீரில் அலசுங்கள். கெளுத்தியை, வழுவழுப்புப் போகும்வரை, சாம்பலோ உப்போ தொட்டுச் சொரசொரப்பான கல்லில் உரசுவார்கள். புளி அந்த மண்வாடையை நன்றாக முறிக்கும். அதனால் நாட்டு மீனுக்கு வறுவலைவிடப் புளிக்குழம்பு பொருத்தம், ஜிலேபி மட்டும் விதிவிலக்கு. ஜிலேபியைப் பக்கவாட்டில் ஆழமாகக் கீறி, மிளகாய்த்தூளும் எலுமிச்சைச் சாறும் பூசி அரைமணி ஊறவைத்து, தோசைக்கல்லில் கடலை எண்ணெய் விட்டு நிதானமான தீயில் வறுத்தால், முதுகுமுள்வரை மொறுமொறுப்பாகிவிடும்.